கடைவாய்ப் பல்லும் எல்லைக் காவலும்

நாட்டுப்பற்று நெஞ்சில் குடியிருப்பதாகப் புலவர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள். பாவம், அவர்களுக்குப் பல்வலி வந்ததில்லை போலும். அது குடியிருப்பது கடைவாய்ப் பல்லில். இதை உலகுக்கு நிரூபித்த பெருமை, அரிசோனாவில் ஓய்வுபெற்றோர் வாழும் கள்ளிப்பூ நகரின் பதினான்காம் எண் வீட்டுக்காரரும், 'எல்லை விழிப்புக் குழு'வின் தலைவருமான டெல்பர்ட் ஹோகன்சன் அவர்களையே சாரும்.

குழுவின் பணி மகத்தானது. உறுப்பினர் பதினான்கு பேர், மடக்கு நாற்காலியும் தொலைநோக்கியுமாகப் பதினோரு ஆண்டுகள் வேலியைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு முயலையும் இரண்டு பட்டங்களையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். திருட்டுத்தனமாக வந்த ஆள் ஒருவர்கூட அகப்படவில்லை. அது அவர்கள் குற்றமா? மனம் தளராத டெல்பர்ட் மேலிடத்துக்கு ஒரு மனுப் போட்டார். வாய்ப்பேச்சை நம்பி ஒருவரையும் நாட்டுக்குள் விடக்கூடாது. எல்லோரும் அரசாங்கக் காகிதம் காட்டி, தெளிவான ஆங்கிலத்தில் பதில் சொல்ல வேண்டும். மனு ஏற்கப்பட்டு ஒரு வியாழக்கிழமை காலை அமலுக்கு வந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு அவர் வீட்டிலேயே தலைவர் தேர்தல். எதிர்த்து நின்றவர் பக்கத்து வீட்டு வெர்லின் ஸ்டப்ஸ். நேரத்துக்கு வராதவருக்குப் பதவி இல்லை என்ற விதியும் டெல்பர்ட் எழுதியதுதான்.

அன்று காலைதான் அவர் மூன்று பல் கட்டிக்கொள்ள மெக்சிகோவுக்குப் போனார். இதில் குறை காண்பவர்கள் அற்பர்கள். குழுவின் பதினான்கு வாய்களும் அங்கே கட்டப்பட்டவையே. உள்ளூர் டாக்டர் ஒரு பல்லுக்குக் கேட்பதில், சான் ஹசிந்தோ நகரில் பாதி வாய் கட்டி, மீன் டாக்கோவும் பீரும் சாப்பிட்டு வரலாம். வண்டியை இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு ஐந்து நிமிடம் நடந்தால் போதும். அந்தப் பக்கம் போகிறவரை எவரும் எதுவும் கேட்பதில்லை. திரும்பும்போதும் இதுவரை டெல்பர்ட்டை முகத்தைப் பார்த்தே விட்டுவிடுவார்கள். ஆகவே பாஸ்போர்ட்டை வீட்டிலேயே வைத்துவிட்டார்.

"திருட்டுப் பசங்க ஊருக்கு அதை எவன் எடுத்துட்டுப் போவான்?" என்பது அவர் கொள்கை. சட்டையில் குழுவின் அடையாள அட்டை தொங்கியது. அவரே அச்சடித்து அவரே கையெழுத்திட்டது.

திரும்பும் வரிசை அன்று பல் மருத்துவமனைத் தெருவையும் தாண்டி நின்றது. மரத்துப்போன வாயில் பஞ்சோடு டெல்பர்ட் மூன்று மணி நேரம் வெயிலில் காய்ந்தார். அவருக்குப் பின்னால் அந்த ஊர்க்காரி ஒஃபீலியா பர்ராகான். ஒன்பது வருடமாக அவர் வீட்டைப் பெருக்குபவள். குழுக் கூட்டங்களுக்குக் காப்பி போடுபவளும் அவளே. அவளிடம் இருந்தது எல்லை தாண்டிக் கடைகண்ணிக்குப் போய்வரும் அட்டை, வேலை செய்ய அல்ல. ஆனால் அந்த அட்டையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது.

"தோன் டெல்பர்ட், அப்படி நெழல்ல உக்காருங்க. உங்க எடத்தை நான் பாத்துக்கறேன்" என்றாள். 'தோன்' என்றால் அவள் மொழியில் ஐயா.

உட்கார்ந்தார். முறை வந்ததும் எழுந்து போய் அட்டையை நீட்டினார்.

"இது என்ன?" என்றார் அதிகாரி.

"எவ்வை விவிப்புக் குவு."

"தெளிவா சொல்லுங்க. இங்கிலீஷ் தெரியாதா? பாருங்க, புது உத்தரவு. யாரோ பெரிய மனுஷன் மனுப் போட்டிருக்காராம். கீழ கையெழுத்துகூட இருக்கு."

டெல்பர்ட் தன் கையெழுத்தைத் தானே படித்தார். பிறகு வெர்லினின் எண்ணை எழுதிக் காட்டினார். அதிகாரி தொலைபேசியில் அழைத்து டெல்பர்ட்டைப் பேச வைத்தார்.

"டெல்பர்ட்டா?" என்றது வெர்லினின் குரல். "அவரு கணீர்னு பேசுவாரே. இது எவனோ கொழகொழன்னு பேசறான். வாய்ப்பேச்சை நம்பி விட்றாதீங்க ஆபீசர். சட்டம்னா சட்டம்."

மணி ஐந்தாகிவிட்டது. டெல்பர்ட்டின் கண் கலங்கியது. திரும்பி ஒஃபீலியாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறந்தால் அட்டை போகும் என்று அவளுக்குத் தெரியும்.

"எனக்கு இவரைத் தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"பதினாலாம் நம்பர் வீடு. பாஸ்போர்ட்டு ரெண்டாவது டிராயர்ல, பச்சை சாக்ஸுக்கு அடியில இருக்கு. எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"அவரு சாக்ஸ் எங்க இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஒஃபீலியா கிழவரின் முகத்தைப் பார்த்தாள். "மடிச்சு வெக்கறது நான்தானே. ஒம்பது வருஷமா அந்த வீட்டைப் பெருக்கறேன்."

அதிகாரியே கேட்டதால் வெர்லினுக்கு வேறு வழியில்லை. சொன்ன இடத்திலிருந்த பாஸ்போர்ட்டை எடுத்து வந்து, ஐந்தரை மணிக்கு வேண்டாவெறுப்பாக நீட்டினார். அதிகாரி அதைப் பார்த்து டெல்பர்ட்டை உள்ளே விட்டார். ஒஃபீலியாவின் அட்டையை வாங்கி, இனிச் செல்லாதபடி ஓட்டை போட்டார்.

"தோன் டெல்பர்ட், எனக்காக நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

இதற்குள் வாயின் மரமரப்பு இறங்கியிருந்தது. டெல்பர்ட் பஞ்சைத் துப்பிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கூட்டத்துக்கு நேரமாச்சு, ஒஃபீலியா" என்றார். ஓர் எழுத்துகூடப் பிசகாத, தெளிவான ஆங்கிலம்.

கூட்டம் சரியாக ஆறு மணிக்குத் தொடங்கியது. காப்பி இல்லை. காகிதமில்லாமல் எல்லையில் நின்றவர் தலைவராகலாமா என்று வெர்லின் கேட்டு முடிப்பதற்குள் டெல்பர்ட் எழுந்தார். சட்டவிரோதமாக நம் மண்ணில் வேலை செய்துவந்த ஒரு பெண், தமது நேரடி முயற்சியால் இன்று எல்லையில் பிடிபட்டதாக அறிவித்தார். பதினோரு ஆண்டுகளில் குழுவின் முதல் வெற்றி. கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று. ஏகமனதாகத் தேர்வானார், ஒரு பித்தளைக் கேடயமும் கொடுத்தார்கள்.

மூன்றே வாரத்தில் கேடயத்தில் விரல் கனத்துக்குத் தூசி படிந்தது. அடுத்த கூட்டத்தில் தலைவர் மனம் நொந்து பேசினார்.

"இந்தக் காலத்துல நம்பிக்கையான ஆளே கெடைக்கறதில்ல."

மற்ற பதிமூன்று பேரும் ஆமாம் என்று வாய் நிறையப் பல் தெரியச் சிரித்தார்கள். அத்தனை பல்லும் எல்லை தாண்டி வந்தவை. ஒன்றிடமும் இதுவரை எந்த அதிகாரியும் காகிதம் கேட்டதில்லை.