நூறு பேருக்கு ஒரு செம்புப் பால்

நாட்டு மாட்டைக் காப்பாற்றக் கிளம்பியவர்களில் இரண்டு வகை உண்டு. மாடு வைத்திருப்பவர்கள் ஒரு வகை, போன் வைத்திருப்பவர்கள் இன்னொரு வகை. ஆவேசம் முழுக்க இரண்டாவது வகையிடம்தான் இருக்கும். நான் இரண்டாவது வகை.

எனக்கு ஞானம் பிறந்த இடம் சரவணம்பட்டியில் எங்கள் ஆபீஸ் மூன்றாவது மாடி, டீ மெஷினுக்கு முன்னால். பொத்தானை அமுக்கினேன். மெஷின் இரண்டு தடவை இருமிவிட்டு, பால் பவுடர் கரைசலைக் கப்பில் துப்பியது. அதே நிமிஷம் போனில் ஒரு வீடியோ. எங்கோ வடக்கே ஒரு கிர் பசு, அதன் கீழே வாளி, வாளி நிறைய நுரை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கிர் பசுவுக்குத் திமில் இருக்கிறது. நம் காங்கேயம் பசுவுக்கும் திமில் இருக்கிறது. ஆகவே அங்கே நிறைந்த வாளி இங்கேயும் நிறையும். (நான்கு வருஷம் இன்ஜினியரிங் படித்த மூளை. தயவுசெய்து சிரிக்காதீர்கள்.)

அன்று சாயங்காலமே அப்பாவிடம் போய் நின்றேன். ஆனைமலைப் பக்கம் அவருக்கு இரண்டு ஏக்கர் தோட்டம் உண்டு. தென்னை நாற்றுப் பண்ணை வைக்க ஒருவர் அதைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவருக்குக் குடுக்காதீங்கப்பா. நான் காங்கேயம் மாட்டுப் பண்ணை வைக்கிறேன். ஆபீஸ் வேலையை விட்டுடறேன்."

அப்பா சிமெண்ட் ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் கொஞ்சம் உடைத்துப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

"சரி கண்ணு. அடுத்த ஞாயித்துக்கெழம மதுக்கரைல உங்கக்கா புது வூட்டுப் பால் காய்ச்சு. நூறு பேரு வருவாங்க. அத்தனை பேருக்கும் உன்ற மாட்டுப் பால்ல காப்பி போட்டுக் குடு. ஒரு பாக்கெட் உள்ள வரக் கூடாது. குடுத்துட்டீன்னா தோட்டம் உனக்கு."

தோட்டம் கையில் வந்துவிட்ட மாதிரியே இருந்தது எனக்கு. நேராக மதுக்கரை பால் ஏஜென்ட் கடைக்குப் போய், அம்மா சொல்லி வைத்திருந்த பாக்கெட் பாலை ரத்து செய்தேன். அதோடு விட்டிருக்கலாம். பாக்கெட் பாலின் தீமைகள் பற்றிப் பாக்கெட் பால் விற்கிறவரிடமே கால் மணி நேரம் சொற்பொழிவும் ஆற்றினேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. "சரிங்க அம்மணி, நல்லதுங்க" என்றார்.

அடுத்து காங்கேயம் பக்கம் சரசக்கா வீடு. நண்பன் ஒருவன் சொல்லி அனுப்பியிருந்தான். அவரிடம் மயிலை என்று ஒரு பசு, சாம்பலும் வெள்ளையும் கலந்த நிறத்தில், கொம்பும் நடையுமாக, ஒரு மகாராணி. பக்கத்தில் மூன்று மாதக் கன்று. விஷயத்தைச் சொன்னேன்.

"நூறு பேருக்குங்களா?" என்றார் சரசக்கா. மயிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக உழவுக்கும் வண்டிக்கும் ஆன சாதிங்க அம்மணி. பாலு கன்னுக்குத்தானுங்க. மிச்சம் இருந்தா நம்மளுக்கு."

"எவ்வளவு மிச்சம் இருக்கும்க்கா?"

"அது... இருக்குமுங்க."

கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு இது புரிந்திருக்க வேண்டும். எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே 'முடியாது' என்று சொல்ல மாட்டார்கள். இழுத்துச் சொன்னால் முடியாது என்று அர்த்தம். நான் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மயிலையும் கன்றும் சரசக்காவும் குட்டியானைச் சரக்கு வண்டியில் அக்காவின் புது வீட்டுக்கு வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கறவை. அம்மா கொடுத்த நாலு பெரிய பாத்திரங்களை வரிசையாகக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு நின்றேன்.

சரசக்கா கன்றை ஊட்ட விட்டு, பால் சுரந்ததும் அதைப் பிடித்து இழுத்துத் தாயின் முகத்துக்கு முன்னால் கட்டினார். மயிலை கன்றை நக்கத் தொடங்கியது. 'சர், சர்' என்று செம்பில் பால் இறங்கியது. கெட்டிப் பால், நல்ல வாசனை. எனக்குக் கண் கலங்கியது. செம்பு நிறைந்ததும் சரசக்கா எழுந்துவிட்டார்.

"அக்கா, பாத்திரம் இங்க இருக்குது."

"அவ்வளவுதானுங்க. மீதி கன்னுக்குங்க."

செம்பை உள்ளே கொண்டுபோனார். எனக்கு ஒரே யோசனைதான். வாளியை நிரப்ப வேண்டிய பால் அத்தனையும் இந்தக் கன்றுக்காகப் பதுக்கப்பட்டிருக்கிறது! கன்றைக் கண்ணில் படாமல் அப்பால் கொண்டுபோனால், மிச்சத்தை நானே கறந்துவிடலாம். (காங்கேயம் பசு கன்று முன்னால் நின்றால்தான் பால் விடும் என்பது உலகத்துக்கே தெரியும். என் வீடியோவில் மட்டும் வரவில்லை.)

கன்றை அவிழ்த்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தேன். முன்பக்கம் திரும்பும்போது பின்னால் மயிலை ஒரு குரல் கொடுத்தது. அடுத்து முளைக்குச்சி பிடுங்கும் சத்தம். கன்று மிரண்டு, திறந்திருந்த வாசலைப் பார்த்து ஓடியது. கயிற்றை விட்டிருக்கலாம். தோட்டமே போய்விடும் என்பது போல இறுக்கிப் பிடித்திருந்தேன். ஆக அக்காவின் புது வீட்டில் முதலில் கன்று நுழைந்தது, அடுத்து தரையில் இழுபட்டபடி நான், மூன்றாவதாக மயிலை.

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார், புது வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த எங்கள் சர்ச் பங்குத் தந்தை, வெள்ளை அங்கியோடு. பக்கத்து வீட்டு அம்மா, "கோமாதாவே உள்ள போயிருச்சுங்க! இனி என்னங்க கவலை!" என்று மஞ்சள் குங்குமம் எடுக்க ஓடினார். ஃபாதர் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார்.

"தொழுவத்துல பொறந்தவருக்கு இதெல்லாம் புதுசில்லம்மா. நீங்க டைல்ஸைக் கழுவுங்க, நான் காத்திருக்கேன்."

கழுவ வேண்டியது நிறைய இருந்தது. மயிலை பால் விஷயத்தில்தான் சிக்கனம்.

ஜெபம் முடிந்து அடுப்பில் பால் ஏறியது. பொங்கி வழிந்தால்தானே வீட்டுக்கு விருத்தி? பால் பொங்கியது. உறவுக்காரர்கள் கைதட்டினார்கள். அம்மா மட்டும், "போதும், போதும்! அடுப்பை அணை! இருக்கறதே இவ்வளவுதான்!" என்று அலறினாள். மிஞ்சியது முக்கால் செம்பு. ஃபாதருக்கு ஒரு டம்ளர் காப்பி, சம்பந்தி வீட்டுக்காரர்களுக்கு இரண்டு. முடிந்தது.

ஷாமியானாவில் மீதிப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஒருவரும் திட்டவில்லை.

"காப்பி இப்பத்தானுங்க குடிச்சுப்போட்டு வந்தோம்."

"வெயிலுக்கு எதுக்குங்க காப்பி? தண்ணி போதுமுங்க."

அக்காவின் மாமனார் தன் டம்ளரைப் பக்கத்தில் இருந்தவருக்கு நீட்ட, அவர் அதற்குப் பக்கத்தில் இருந்தவருக்கு நீட்ட, அந்த ஒரு டம்ளர் ஒரு வரிசை முழுக்கப் பயணம் செய்து ஆறிப்போய்த் திரும்பி வந்தது.

அப்பா என்னிடம் வந்தார். சிரிக்கவில்லை. "இன்னும் அரை மணி நேரம் வேணா பாக்கறயா கண்ணு?"

அக்காவைப் பார்த்தேன். பட்டுப் புடவை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு, அழாமல் இருப்பதற்காக மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய நாள். நான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

பால் ஏஜென்ட் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நான் கேட்பதற்கு முன்பே உள்ளே போய் இரண்டு கிரேட் பாலைத் தூக்கி வந்தார், எடுத்து வைத்திருந்தது போல.

"எடுத்து வச்சிருந்தேனுங்க."

"எப்படிங்க தெரியும்?"

"எங்கூட்டுலயும் ஒரு காங்கேயம் மாடு நிக்குதுங்க" என்றார், அத்தனை மரியாதையாக.

கிரேட்டுகளைக் காலுக்கு நடுவே அடுக்கிக்கொண்டு நூறு பேர் பார்க்க ஷாமியானாவுக்குள் ஸ்கூட்டர் ஓட்டி வந்தேன். தோட்டம் தென்னை நாற்றுக்காரருக்குப் போனது. ஆபீஸில் டீ மெஷின் இன்னும் எனக்காக இருமிக்கொண்டிருக்கிறது. அன்று மயிலையோடு திரும்ப வண்டி ஏறும்போது சரசக்கா சொல்லிவிட்டுப் போனார்: "மழை இல்லாத வருசம் காஞ்ச புல்லைத் தின்னுபோட்டு நின்னவ அம்மணி இவ. இவ போட்ட காளைக ரெண்டு இன்னைக்கும் பாரம் இழுக்குதுக. இவளப் போயி வாளியக் காட்டி அளந்தா எப்படிங்க?"

எங்கள் வீட்டில் இன்று எது பற்றாமல் போனாலும் அதற்கு என் பெயர்தான். சாம்பார் குறைந்தால், "ஜெனி கறந்ததாட்ட இருக்குது" என்பாள் அம்மா. அக்காவின் மகனுக்கு இன்னும் இரண்டு வயது ஆகவில்லை. அவனும் காலி டம்ளரைக் கவிழ்த்துக் காட்டி "ஜெனி" என்கிறான்.

போகட்டும். போன வாரம் தென்னை நாற்றுக்காரரைப் பார்த்தேன். பாத்திகளுக்கு நடுவே டிராக்டர் திரும்ப மாட்டேனென்கிறது, நாற்று நசுங்குகிறது என்று புலம்பினார். மயிலையின் காளைகள் இரண்டையும் வண்டியோடு கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சரசக்காவும் சரி என்றுவிட்டார், இந்தத் தடவை இழுக்காமல். வரும் ஞாயிற்றுக்கிழமை அந்த இரண்டு ஏக்கருக்குள் நான்தான் மாட்டு வண்டி ஓட்டப் போகிறேன். அப்பாவும் வருகிறார். வண்டியில் ஏற மாட்டாராம். பைக்கில், கொஞ்சம் இடைவெளி விட்டு, பின்னாலேயே வருவாராம்.