ஃபார்மேட் பாயும் 'ஆடிட் பழசு' ஃபோல்டரும்

கும்மிடிப்பூண்டியில் ஃபார்மேட் பாய் கை படாத கம்பெனி கம்ப்யூட்டரே கிடையாது. அவர் கை பட்ட பிறகு அதில் எதுவும் இருந்ததும் கிடையாது.

பொன்னேரி பஜாரில் அவருக்கு ரிப்பேர் கடை. மௌஸ் நகராவிட்டாலும் ஃபார்மேட், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் ஃபார்மேட். "பாய், கீபோர்டுல டீ கொட்டிடுச்சு" என்று ஒருமுறை போன் போட்டேன். "எதுக்கும் ஒரு தபா ஃபார்மேட் அடிச்சிடலாம் சார்" என்றார். நாஷ்டா முடித்த கையோடு சிடி பையைத் தூக்கிக்கொண்டு மொபெட்டில் வந்து இறங்குவார். சி டிரைவைத்தான் துடைப்பார், டி டிரைவைத் தொட மாட்டார் என்பது ஒன்றே எங்களுக்கு இருந்த தைரியம்.

ஒருநாள் எங்கள் கம்பெனிக்கு வந்தவர், பழவேற்காட்டு இறாலில் தொக்கு வைக்கும் பக்குவத்தை எனக்குச் சொல்லிக்கொண்டே டி டிரைவை அடித்துவிட்டார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அதுல என்னய்யா இருந்துது?"

"'ஆடிட் பழசு'ன்னு ஒரே ஒரு ஃபோல்டர் சார்" என்றேன்.

"சனியன் போவுது, விடு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எங்களுக்கு உயிரே போனது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொந்த சமாச்சாரம் வைக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஆடிட் என்று பேர் வைத்தால் எந்த மேனேஜரும் திறக்க மாட்டார் என்பது நாங்கள் கண்டுபிடித்த வழி. எனக்குப் பெண் பார்த்த போட்டோ, ஸ்டோர்ஸ்காரர் வேறு கம்பெனிக்குத் தட்டிய பயோடேட்டா எல்லாம் அதில்தான். அக்கவுன்ட்ஸ் வெண்ணிலா அக்காவின் குழந்தையும் அதில்தான். கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்த பெண். உடைந்த சாமான்களைப் படம் பிடிக்க வைத்திருந்த கம்பெனி கேமராவை வாங்கிப்போய், குப்புற விழுந்ததிலிருந்து முதல் அடி வைத்தது வரை அக்கா எடுத்திருந்தார். பிரிண்ட் போடவில்லை, வேறு காப்பியும் இல்லை. மேனேஜர் காதில் விழும் என்று அழவும் முடியாமல் வவுச்சரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பார்க்கவே சகிக்கவில்லை.

பாயை வெளியே இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். மனிதருக்கு முகம் செத்துவிட்டது. "இன்னா சார், முன்னாடியே சொல்லக் கூடாதா? பேஜாராப் பூச்சே."

நேராக உள்ளே போனார். "வைரஸ் கீது சார், கடைக்கு எடுத்துனு போறேன்" என்று மேனேஜரிடம் அளந்துவிட்டு, ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் கர்சீப்பில் சுற்றினார். அக்காவிடம் மட்டும் மெதுவாக, "பெட்டி மேல ஒட்டின சீட்டுதான் கிழிஞ்சிக்கீது தங்கச்சி. உள்ள சரக்கு அப்டியே இருக்கும். அதுமேல புதுசா எதையும் எழுதாத வரைக்கும் எடுத்துடலாம், அழுவாத" என்றார்.

வாரக் கடைசியில் நானும் அக்காவும் கடைக்குப் போனோம். படங்கள் திரும்பி வந்திருந்தன, ஆனால் பேரும் இல்லை, வரிசையும் இல்லை. மொட்டை அடித்த குழந்தை, அடுத்து விரிசல் விட்ட பைப்பு, மறுபடி குழந்தை, அப்புறம் துருப்பிடித்த போல்ட்டு. வேறு எந்த வேலையையும் தொடாமல் பாய் ஒவ்வொன்றாகத் திறந்து குழந்தையைப் பொறுக்கி சிடியில் ஏற்றியிருந்தார். "போல்ட்டெல்லாம் தனியா கீது, அதுவும் வேணுமா?" என்று கேட்டார்.

ஒரு படத்தில் மட்டும் தயங்கினார். முதல் அடி வைத்த படம். மேல் பாதியில் குழந்தையின் சிரிப்பு, கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம்.

"எவ்ளோ முட்டிக்கினு பார்த்தேம்மா. காலு மட்டும் வர்ல. மன்னிச்சிக்கோ."

அக்கா அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்கின்னா பாய், காலு ரெண்டும் ஊட்ல ஓடிக்கினுதானே கீது. வந்து பாருங்க."

ஞாயிற்றுக்கிழமையே பாய் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார், கையில் ஒரு ஜோடி கீச்சுச் செருப்போடு. அதை மாட்டிவிட்டதும் குழந்தை கீச் கீச்சென்று வீடெல்லாம் ஓட, பின்னாலேயே பாயும் ஓடியிருக்கிறார். அக்கா சொல்லச் சொல்ல, அந்த மனுஷனை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு.