பச்சை விளக்கை நம்பாதவர்

மனித குலத்தில் ‘நானே பார்த்துக்கறேன்’ ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரிந்தவர்தான். குழாய் ஒழுகினாலும் கடிகாரம் நின்றாலும் முதல் ஆளாக வந்து நிற்பார். அதுகூடப் பரவாயில்லை, நன்றாக ஓடும் பொருளைக் கண்டால்தான் அவருக்குக் கை அரிக்கும்.

நம்மவர் ஓய்வுபெற்ற கையோடு ஒரு வீட்டு வண்டி வாங்கினார். படுக்கை, அடுப்பு, சாப்பாட்டு மேஜை எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய வேன். அடியில் நான்கு காற்றுப்பைகள். பொத்தானை அழுத்தினால் கம்ப்ரஸர் உறுமி, எந்தப் பைக்கு எவ்வளவு காற்று வேண்டுமோ அவ்வளவு அடைத்து, வண்டியைச் சமமாக நிறுத்திப் பச்சை விளக்குக் காட்டும். விளக்கு சொன்னால் ஆயிற்றா? கொத்தனார் வைத்திருப்பாரே ரசமட்டம், அதை மேஜைமேல் வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று இவர் பார்த்தால்தான் ஆயிற்று.

அன்று மகளுக்கு வலி எடுத்துவிட்டது. தலைப்பிரசவம். இருவரும் வண்டியில் கிளம்பியாயிற்று, அவள் இருக்கும் ஆஸ்பத்திரி இன்னும் ஒரு மணி நேர ஓட்டம். அம்மா எப்போது வருவாள் என்று அவள் கேட்டுக்கொண்டே இருப்பதாக மருமகன் இரண்டு முறை போன் செய்துவிட்டார். மனைவிக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த நேரம் பார்த்து, மேஜைமேல் இருந்த டம்ளர் இடப்பக்கம் நகர்வதைக் கண்ணாடியில் கண்ட நம்மவர் வண்டியை ஓரங்கட்டினார்.

“வண்டி சாயுது.”

“பச்சை விளக்கு எரியுதேங்க.”

“அதுக்கு என்ன தெரியும்?”

ரசமட்டம் வந்தது. குமிழி வலப்பக்கம் ஒதுங்கி நின்றது. “பார்த்தியா?” என்றார், பரிசு விழுந்தவர் முகத்தோடு.

வலப்பக்கப் பைகளில் காற்றை இறக்கினார். கம்ப்ரஸர் திரும்ப ஏற்றியது. இறக்கினார், ஏற்றியது. சென்ஸார் வயரைப் பிடுங்கினார். கம்ப்ரஸர் வாயை மூடிக்கொண்டது. பிறகு கசிவு தேடிக் குழாய் இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் பூசி, நுரை வராதவற்றைச் சந்தேகத்துக்குக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்து, உடனே நுரை வந்ததும், “நான் சொல்லல?” என்றார். வண்டி சக்கரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டது.

“மெக்கானிக்கைக் கூப்பிடலாமா?”

“அஞ்சே நிமிஷம்.”

மூன்றாவது ஐந்து நிமிடத்தில் மனைவி தானே போன் போட்டார். வாடகைக் கார் வர இரண்டு மணி நேரமாம். மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் வந்தார். இணைப்புகளை முடுக்கினார், வயரை மாட்டினார், பொத்தானை அழுத்தினார். பச்சை. ரசமட்டத்தைத் தரையில் வைத்தார், குமிழி நடுவில். மேஜைமேல் வைத்தார், வலப்பக்கம். குனிந்து மேஜைக்கடியில் பார்த்தார்.

“வண்டியில ஒரு குறையும் இல்ல சார். மேஜைதான் கோணலா இருக்கு. இந்த ஸ்க்ரூவெல்லாம் யார் மாட்டினது?”

நம்மவர் சாலையில் ஏதோ முக்கியமானதைக் கண்டுவிட்டார். “இவரேதான், நேத்து சாயங்காலம்,” என்றார் மனைவி.

போன் அடித்தது. “பேத்தி பொறந்திருக்கா அத்தை. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. கடைசி வரைக்கும் உங்களைத்தான் கேட்டுட்டிருந்தா.”

மனைவி அழுதார். சந்தோஷம்தான், ஆனால் அந்த நேரத்தில் மகள் கையைப் பிடித்துக்கொள்ள முடியாமல் போன துக்கம் அதைவிடப் பெரிதாக இருந்தது. நம்மவர் மெதுவாக, “இந்த மேஜையை மட்டும் கழட்டி மாட்டிட்டா...” என்று ஆரம்பித்தார். மனைவி சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

முதலில் மேஜையை அல்லவா பார்த்திருக்க வேண்டும், நானாக இருந்தால் அஞ்சே நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பேன் என்கிறீர்களா? அப்படியானால் கையில் இருப்பதைக் கீழே வையுங்கள். உங்கள் வீட்டு வாசலில் யாரோ உங்களுக்காக வெகு நேரமாகச் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.