சப்பரத்தை மறித்த கார்

எங்கள் தெருக் கிருஷ்ணனை நடுத்தெருவில் நிறுத்தியவன் நான். உவமையாகச் சொல்லவில்லை. திருவனந்தபுரம் வலியசாலையில், நாதஸ்வரம், தவில், தீவட்டி, ஊர்ஜனம் சகிதமாக, என் வீட்டு வாசலில், என் கார் வழிமறிக்க அவர் நின்றார்.

அப்போது நான் பத்திரிகை வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கடைசி வருஷங்களில் தொழில்நுட்பப் பக்கத்துக்குப் பொறுப்பாக இருந்தேன். (பொறுப்பு என்றால், மற்றவர்கள் எழுதியதற்கு ஒற்றுப் போட்டேன்.) இருந்தாலும் தெருவில் யாருடைய செல்போன் மக்கர் செய்தாலும் என்னிடம்தான் வரும். நான் அதை அணைத்து, மறுபடி போட்டுக் கொடுத்து என் பெயரைக் காப்பாற்றி வந்தேன். அந்தப் பெயருக்கு ஏற்ற வண்டி வேண்டுமே என்று, பழைய பிளக்-இன் ஹைபிரிட் கார் ஒன்றை வாங்கினேன். வீட்டு பிளக்கில் சொருகி சார்ஜ் ஏற்றலாம். சார்ஜ் தீர்ந்தால் பெட்ரோலில் ஓடும். பெண் வீட்டுப் பந்தியிலும் சாப்பிட்டு, மாப்பிள்ளை வீட்டுப் பந்தியிலும் உட்காருகிற ஜாதி.

விற்றவர் கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்த ஸ்ரீஜித். சாவியைத் தரும்போதே, "சாரே, இந்த வண்டியோட ஆப் என் போன்லயாக்கும் இருக்கு. கொஞ்சம் இருந்தா உங்க பேருக்கு மாத்தித் தரேன்" என்றார்.

தொழில்நுட்பப் பக்கத்துக்காரனுக்கு ஒரு சின்னப் பையன் சொல்லித் தருவதா? "அதெல்லாம் நானே பாத்துக்கறேன்" என்று கிளம்பிவிட்டேன். பார்த்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு முறை ஏறும்போதும் திரை 'ஸ்ரீஜித், வருக' என்றது. நாளடைவில் பழகிவிட்டது. (இரண்டொரு தடவை 'தேங்க்ஸ்' என்றுகூடச் சொல்லியிருக்கிறேன்.)

எங்கள் தெரு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. போர்டிகோ எல்லாம் கிடையாது. கார் தெருவோரமாக நிற்கும். அதன் கேபிள் ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, கிரைண்டர் பிளக்கில் போய்ச் சேரும். கார் சார்ஜ் ஏறும் நாளில் வீட்டில் மாவு அரைக்க முடியாது. என் மனைவி ஜெயா இதுபற்றித் தெரிவித்த கருத்துகளை எந்தப் பத்திரிகையும் அச்சிடாது.

கோயில் புறப்பாட்டுக்கு முதல் நாள், யாராவது கேபிளைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்று எனக்குத் திடீரென்று பயம் வந்தது. திரையில் தேடி, கேபிள் திருட்டுப் பாதுகாப்பு என்ற வசதியைக் கண்டுபிடித்துத் தட்டிவிட்டேன். பிளக் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். நிம்மதியாகத் தூங்கினேன்.

புறப்பாட்டன்று மத்தியானத்துக்குமேல் தெருவில் வண்டி நிற்கக்கூடாது. அகலமான சப்பரம், எட்டுப் பேர் தோளில் சுமந்து வருவார்கள். வண்டிகளை அப்புறப்படுத்தும் வேலையை அந்த வருஷம் நானே கேட்டு வாங்கியிருந்தேன். கையில் மெகாபோன் வேறு. எதிர்வீட்டு நீலகண்டன் ஸ்கூட்டரை எடுக்கச் சற்றுத் தாமதித்தார்.

"ஓய் நீலு! சாமி வர்ற வழியாக்கும். இதென்ன உம்ம பாட்டன் ரோடா?" என்றேன், மெகாபோனிலேயே.

"உம்ம கார் நிக்கறதே, ஓய்?"

"அது கரண்டு வண்டி. கடைசி நிமிஷத்துல எடுத்தாப் போறும். சத்தமில்லை, புகையில்லை. பாத்துண்டே இரும்."

அதுதான் திட்டம். கோலமெல்லாம் போட்டு முடித்து ஜனங்கள் வாசலுக்கு வந்து நிற்கும்போது, என் கார் பூனைபோல ஓசையின்றித் தெருவைக் கடக்க வேண்டும். ஊர் வாயைப் பிளக்க வேண்டும்.

சாயங்காலம் கோயில் பக்கம் தவில் கேட்டதும் வெளியே வந்து கேபிளை இழுத்தேன். வரவில்லை. சாவியை அமுக்கினேன். கதவுகள் திறந்தன, கேபிள் அசையவில்லை. உள்ளே உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். கேபிளைக் கழற்றிய பின் புறப்படும்படி ஒரு பெண்குரல் இனிய ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டது. திரையில் ஒரு செய்தி வந்தது: கேபிள் பூட்டப்பட்டுள்ளது, உரிமையாளரின் போனிலிருந்து மட்டுமே விடுவிக்கலாம். உரிமையாளர் என்று அது நம்பியவர் கழக்கூட்டத்தில் இருந்தார்.

"ஏன்னா, சப்பரம் முக்கு திரும்பியாச்சு. வண்டியை எடுங்கோ" என்றாள் ஜெயா.

"எடுக்க வரமாட்டேங்கறது."

"சுவிட்சை அணைச்சேளா?"

"அணைச்சாச்சு. ஸ்ரீஜித்துதான் கேபிளை விடணும்."

"நம்மாத்துக் கேபிளைப் பிடிச்சு வச்சுக்க அவன் யாரு?"

பதில் சொல்வதற்குள் சப்பரம் வந்துவிட்டது. முன்னால் போக இடமில்லை. புறப்பட்ட சாமி வந்த வழியே திரும்பக்கூடாது என்பது எங்கள் கோயில் வழக்கம். இரவுப் பூஜைக்குள் உள்ளே போயும் ஆக வேண்டும். போற்றி (எங்கள் ஊரில் அர்ச்சகருக்கு அந்தப் பெயர்) என்னைப் பார்த்தார். தெருவே பார்த்தது.

சப்பரம் தூக்குபவர்கள் அதைக் கட்டைகளின்மேல் இறக்கி வைத்தார்கள். "சாமியையே தூக்கறோம், இதென்ன பெரிசு?" என்று காரைச் சுற்றிக் குனிந்தார்கள். கார் ஓர் அங்குலம் உயர்ந்தது. உடனே திருட்டு அலாரம் ஊளையிட, பதறிக் கீழே விட்டார்கள். தவில்காரர் கைப்பழக்கத்தில் அதற்கும் இரண்டு தட்டுத் தட்டி, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார்.

நீலு மெல்ல என் அருகில் வந்தார். "அரிவாள் தரட்டா? கேபிளை வெட்டிடலாம்."

"வெட்டினாலும் பிளக் உள்ளேதானே இருக்கும். வண்டி நகராது."

"அப்போ அந்த மெகாபோனை இப்பிடித் தாரும்." வாங்கி, என்னிடமிருந்து அரை முழத் தூரத்தில் நின்றுகொண்டு, "வாகன உரிமையாளர் எங்கிருந்தாலும் உடனே வரவும்" என்று அறிவித்தார்.

உரிமையாளரைத்தான் நானும் அழைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முயற்சியில் ஸ்ரீஜித் கிசுகிசுப்பாகப் பேசினார்.

"சாரே, மீட்டிங்ல இருக்கேன். பின்னே கூப்பிடட்டா?"

"முடியாதுப்பா. சாமி வெயிட் பண்றார்." நிலைமையைச் சொன்னேன்.

"ஐயோ! ஒரு மினிட்டு. ரொம்ப நாளாச்சு இந்த ஆப் திறந்து... இதோ."

காரின் பின்கதவு மெதுவாக, கம்பீரமாக, தானே உயர்ந்தது. உள்ளே ஒரு கிழிந்த குடை, ஒற்றைச் செருப்பு, எடைக்குப் போட வைத்திருந்த பழைய கிரைண்டர் கல். அத்தனையும் கிருஷ்ணனுக்கு நேர் எதிரே தரிசனம் தந்தன. "அதில்லை!" என்று கத்தினேன். அடுத்து விளக்குகள் மின்னின. பிறகு ஏசி ஓடியது. பிறகு ஸ்ரீஜித் ஜிம்முக்குப் போகும்போது கேட்கும் இசை, முழு ஒலியில். நாதஸ்வரக்காரர் தம் வாத்தியத்தைத் துணியால் மூடிக்கொண்டார்.

போற்றி நடைமுறை தெரிந்தவர். "சாமியைச் சும்மா நிறுத்தப்படாது. ஜெயா, ஆத்துல நைவேத்தியத்துக்கு என்ன இருக்கு?"

"கிரைண்டர் ஓடலை மாமா. அவல்தான் நனைச்சு வச்சிருக்கேன்."

"கிருஷ்ணனுக்கு அவல் போறாதா? கொண்டா."

வாசலிலேயே அவலும் வெல்லமும் நிவேதனம் ஆயின. கற்பூரம் ஏற்றி அவர் மணியைத் தூக்கிய அதே சமயம், கழக்கூட்டத்தில் ஸ்ரீஜித்தின் விரல் சரியான இடத்தில் பட்டது. 'டக்'. கேபிள் என் கையோடு வந்தது. "கிருஷ்ணா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் பாய்ந்து ஏறிக் காரை எடுத்தேன். சத்தமில்லாமல்தான் போனது. அதை யாரும் கவனிக்கவில்லை, நாதஸ்வரம் தொடங்கிவிட்டது.

மறுநாள் ஸ்ரீஜித்தை வீட்டுக்கே வரவழைத்து ஆப்பை என் பெயருக்கு மாற்றினேன். பிறகு கையேட்டை முதல்முறையாகப் படித்தேன். கேபிள் சிக்கினால் இழுத்துவிட, பின்கதவுக்குள் ஒரு கயிறு உண்டாம். (கிரைண்டர் கல்லுக்குப் பின்னால்.)

அடுத்த வருஷம் புறப்பாட்டுக்கு முதல் நாளே காரை மைதானத்தில் கொண்டுபோய் விட்டேன். தெரு துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. சப்பரம் வந்தது. என் வாசலில் நின்றது.

"ஏன் மாமா நிறுத்திட்டேள்? வழி விட்டாச்சே" என்றேன்.

"போன தடவை இங்கே நின்னு நைவேத்தியம் ஆச்சே. இனி நிக்காமப் போகப்படாது. வழக்கமாக்கும்."

"அது கேபிள் மாட்டிண்டதாலன்னா..."

"காரணம் எதானா இருக்கட்டும். நின்னாச்சில்லையா?"

இப்போது ஒவ்வொரு வருஷமும் தெருவுக்கே அவல் நனைப்பது எங்கள் வீடுதான். வெளியூரிலிருந்து வருகிறவர்களிடம் நீலு, "இந்தாத்து அவல் கிடைக்காம நகரமாட்டேன்னுட்டாராக்கும்" என்று பக்தியோடு விளக்குகிறார். பிறர் எழுதியதைத் திருத்தியே பிழைத்தவன் நான்; இந்த ஒரு செய்தியைத் திருத்த யாரும் என்னை விடுவதில்லை.

தட்டை வாங்கியதும் போற்றி கேட்பார்: "அர்ச்சனை யார் பேருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயா முந்திக்கொள்கிறாள். அவளோடு தெரு மொத்தமும்:

"ஸ்ரீஜித் பேருக்கு!"