ஞானசௌந்தரி இல்ல நூலகம்

இவ்வரலாற்றைப் படிக்கப் புகுவோர் முதற்கண் அறிய வேண்டிய செய்திகள் மூன்று.

ஒன்று: காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய சிறிது காலத்துக்குள், அண்டை மாநிலத்துப் பல்கலைக்கழகம் ஒன்று, இவ்வூர் மக்களின் அறிவுப் பசியை எண்ணி இரங்கி, அரசலாற்றின் கரையில் பழைய சுங்கக் கிடங்கு ஒன்றைச் சுண்ணாம்பு அடித்து, அதில் தன் கிளை நூலகத்தைத் திறந்தது.

இரண்டு: அப்பல்கலைக்கழகத்துக்குக் காரைக்காலில் கல்லூரி இல்லை; துறை இல்லை; பேராசிரியர் இல்லை; மாணவரும் இல்லை. நூலகம் மட்டுமே உண்டு.

மூன்று: அந்நூலகத்தில் இரவல் பெறத் தகுதியுடையோர் இன்னார் என்பதை விதி நான்கு ஐயத்துக்கு இடமின்றி வரையறுத்திருந்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர், பல்கலைக்கழக மாணவர், துறைத் தலைவரின் கடிதம் கொணரும் ஆய்வாளர், பிற நூலகங்கள்.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, காரைக்காலில் எவரும் எந்நூலையும் இரவல் பெற இயலாது என்பது தெளிவாகும். அதனை ஒரு குறை என்று கருதுதல் தவறு. முதலாண்டு முடிவில் நூலகர் சோமசேகரன், “இழந்த நூல்: இல்லை. கிழிந்த நூல்: இல்லை. காலங்கடந்து திரும்பிய நூல்: இல்லை” என்று அறிக்கை அனுப்பினார். கிளைகள் அனைத்திலும் தலைசிறந்த கிளை இதுவே என்று பாராட்டி, கண்ணாடிச் சட்டமிட்ட நற்சான்று ஒன்றைப் பல்கலைக்கழகம் அனுப்பிவைத்தது. அதை மாட்டுவதற்கு வாயிலுக்கு நேரெதிரே இடம் ஒதுக்கப்பட்டது. உள்ளே வருவோர் அதைப் படிக்கலாம். அதற்குத் தடை இல்லை.

இனி வரலாறு.

கோவில்பத்திலுள்ள பெண்கள் ஆரம்பப் பள்ளியில் ஞானசௌந்தரி என்னும் ஆசிரியை பதினாறு ஆண்டுகள் பணியாற்றியிருந்தார். அவர் பெற்றிருந்தது பிரெஞ்சுக் காலத்துச் சான்றிதழ். புதிய ஆட்சியின் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு நாள் அவருக்கு ஓர் ஓலை வந்தது. பழைய சான்றிதழ் உடையோர் அனைவரும் வருகிற ஆனி மாதத்துக்குள் புதிய தேர்வில் தேறுதல் வேண்டும். தேறாதார் பணியிலிருந்து விடுவிக்கப்படுவர். தேர்வுக்குரிய நூல் ஒன்றே. அது கடைகளில் தீர்ந்துபோயிருந்தது. கும்பகோணத்துக்கும் நாகப்பட்டினத்துக்கும் கடிதம் எழுதிப் பார்த்தும் கிடைக்கவில்லை. அதன் ஒரே படி அரசலாற்றங்கரை நூலகத்தின் மூன்றாம் அலமாரியில் இருப்பதாகத் தெரியவந்தது.

ஞானசௌந்தரி அரை நாள் விடுப்பெடுத்துச் சென்றார்.

“வாங்க டீச்சர், வாங்க. என்ன வேணும்?” என்றார் சோமசேகரன்.

“ஒரு புத்தகம் வேணுங்க.”

சோமசேகரன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இத்தகைய கோரிக்கையோடு எவரும் அதுவரை வந்ததில்லை. நேரம் கேட்க வந்திருக்கிறார்கள். மழைக்கு ஒதுங்க வந்திருக்கிறார்கள்.

“புத்தகமா? எதுக்குங்க?”

“படிக்கத்தாங்க.”

“நீங்க பேராசிரியரா?”

“இல்லைங்க. ரெண்டாங்கிளாஸ் டீச்சர்.”

“மாணவரா?”

“இந்தப் பரீட்சைக்கு மாணவிதாங்க.”

“பல்கலைக்கழகப் பரீட்சை இல்லையே அது. சரி, துறைத் தலைவர்கிட்டேருந்து கடிதம் இருக்கா?”

“எந்தத் துறைங்க?”

“எந்தத் துறையாயிருந்தாலும் சரி. நாங்க அதுல கண்டிப்பு காட்டுறதில்லை.”

“இந்த ஊர்ல ஒரு துறையுமே இல்லையேங்க.”

“அதுக்கு நூலகம் என்ன செய்யும், சொல்லுங்க?” என்று சோமசேகரன் உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

“அப்ப இங்கேயே உட்கார்ந்து படிச்சிட்டுப் போறேங்க.”

“தாராளமா. ஆனா வாசகர் நாற்காலிக்கு இன்னும் அனுமதி வரலை. நின்னுக்கிட்டுப் படிக்கிறதை விதி படிப்பா ஏத்துக்கிறதில்லை. அதைப் புரட்டிப் பார்த்தல்னுதான் வகைப்படுத்தியிருக்கு. புரட்டிப் பார்க்கிறதுக்குத் தகுதி விதி நாலு.”

ஞானசௌந்தரி வெளியே வந்து படிக்கட்டில் நின்றார். பணி போகப்போவது உறுதி என்று அவருக்குத் தோன்றியது. அப்போது கடைநிலை ஊழியர் கபீர், கூட்டிக்கொண்டிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு அருகே வந்தார். தலை நரைத்தவர், அதே கட்டடத்தில் சுங்கக் காலத்திலிருந்து கூட்டிவருபவர்.

“டீச்சரம்மா, மனசு விடாதீங்க. முப்பது வருசமா இந்த எடத்துலதான் இருக்கேன். வெள்ளைக்காரத் துரை ‘மெர்சி’ன்னு நன்றி சொல்லி இல்லைம்பாரு. இவரு ‘வாங்க’ சொல்லி இல்லைங்கிறாரு. மரியாதையில ஒண்ணும் குறையில்லை. ஆனா விதி நாலைக் கடைசி வரைக்கும் பார்த்தீங்களா?”

“பிற நூலகங்கள்னு போட்டிருக்கு.”

“ஆமாங்க. தடையெல்லாம் மனுசங்களுக்குத்தான். நூலகம் கேட்டா மறுக்க முடியாது. நீங்க ஒரு நூலகமாயிட்டா முடிஞ்சுது.”

“நான் எப்படிங்க நூலகமாவேன்?”

“வாசல்ல ஒரு பலகை, ஒரு ரப்பர் முத்திரை, ஒரு பதிவேடு, ஒரு புத்தகம். இந்த நாலும் இருந்தா நூலகம்னு விதி ஒம்பது சொல்லுது. உள்ள வேற என்னா இருக்குன்னு நெனச்சீங்க?”

மறுவாரம் ஞானசௌந்தரியின் வீட்டு வாசலில் “ஞானசௌந்தரி இல்ல நூலகம்” என்னும் பலகை தொங்கியது. அதன் எழுத்துகள் பிழையின்றியும் ஒரே உயரத்திலும் இருந்தன. பக்கத்து வீட்டு ஆஸியா பீவி, இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். அவர் கணவர் சைகோனில் கடை வைத்திருந்தார்.

“என்னக்கா இது? வீட்டை வாடகைக்கு விட்டுட்டீங்களா?”

“இல்லை பீவி. நூலகமாயிட்டேன்.”

“யா அல்லா! எப்பேருந்து?”

“செவ்வாய்க்கிழமையிலேருந்து.”

“வலிச்சுதாக்கா?” என்று கேட்டுவிட்டு ஆஸியா பீவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சனிக்கிழமை சோமசேகரன் ஆய்வுக்கு வந்தார். முத்திரையைத் தம் கையிலேயே ஒருமுறை குத்திப் பார்த்து நிறைவடைந்தார். பதிவேட்டின் பக்கங்களை எண்ணினார். பின்பு, “நூல்?” என்றார். அந்த ஆண்டின் பஞ்சாங்கம் முன்வைக்கப்பட்டது.

“இது வருசத்துக்கு ஒருமுறை மாறுது. ஆகையால இது பருவ இதழ். நூலாகாது.”

ஞானசௌந்தரி உள்ளே சென்று, பரணிலிருந்து பதினொரு பழைய பஞ்சாங்கங்களை எடுத்துவந்து, அவர் கண்முன்னேயே கோணி ஊசியால் ஒன்றாகத் தைத்தார்.

“இது தொகுதி,” என்று சோமசேகரன் ஒப்புக்கொண்டார். “சரி, பணியாளர் யாரு?”

“நான்தாங்க.”

“வாசகர்?”

“நான்தாங்க.”

“அது ஆகாதே! பணி நேரத்துல பணியாளர் படிக்கக் கூடாதுன்னு விதி பதினொண்ணு. நானே இந்த ஒரு வருசத்துல ஒரு பக்கம் படிச்சதில்லை, தெரியுங்களா?”

“பணி நேரத்தை யாருங்க முடிவு பண்ணணும்?”

“அந்தந்த நூலகம்தான் முடிவு பண்ணணும். பண்ணி வாசல்ல எழுதியும் வைக்கணும்.”

ஞானசௌந்தரி சுண்ணக்கட்டியை எடுத்துப் பலகையின் அடியில் எழுதினார்: “நூலகம் திறந்திருக்கும் நேரம்: மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மாலை 4 மணி முதல் 4.10 வரை. மற்றைய நேரமெல்லாம் விடுமுறை.”

சோமசேகரன் அவ்வரியை இருமுறை படித்தார். அவர் கண்களில் ஈரம் கசிந்தது.

“எங்களுக்கு இது தோணாமப் போச்சே!” என்றார்.

நூல் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. கபீர் அதை ஒரு கையில் முன்னே ஏந்தி, மறு கையால் அதற்கு மட்டும் குடை பிடித்துக் கொண்டுவந்தார். ஒரு நூலகத்திலிருந்து இன்னொரு நூலகத்துக்குச் செல்லும் நூல் வெயில் படாமற் செல்லுதல் வேண்டும் என்று விதி. ஆள் வெயிலிற் செல்வது பற்றி விதி ஒன்றும் கூறவில்லை.

ஞானசௌந்தரி முப்பது நாள் படித்தார். நூலகம் திறந்திருந்த பத்து நிமிடமும் நூலை மூடிவைத்து, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்போது ஆஸியா பீவி வந்து பேச்சுக் கொடுத்தும், “அமைதி” என்று எழுதிய அட்டையைச் சுட்டிக்காட்டினாரேயன்றி வாய் திறக்கவில்லை. தேர்வு விண்ணப்பத்துடன் ஒரு சான்று இணைக்கப்பட வேண்டியிருந்தது. குறித்த நூலை இரவல் பெற்றவர் முப்பது நாள் படித்தார் என்று, நூல் கொடுத்த நூலகம் உறுதி கூற வேண்டும். சோமசேகரன் பதிவேட்டைப் பார்த்து, உள்ளதை உள்ளபடியே எழுதிக் கொடுத்தார்: “இந்நூலை ஞானசௌந்தரி இல்ல நூலகம் முப்பது நாள் படித்தது.”

ஆனி மாதம் தேர்வு நடந்தது. ஆடியில் முடிவு வந்தது. ஞானசௌந்தரி உறையைப் பிரித்தார்.

“ஞானசௌந்தரி என்னும் ஆசிரியை தேர்வுக்குரிய சான்று அளிக்காமையால், இன்று முதல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அவ்விடத்துக்கு, முதல் வகுப்பில் தேறிய ஞானசௌந்தரி இல்ல நூலகம் நியமிக்கப்படுகிறது.”

அவர் கல்வி அலுவலகத்துக்கு ஓடினார். அங்கு எழுத்தர் முத்தையன் கட்டுகளுக்கு நடுவே அமர்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“ஐயா, இதுல தப்பு நடந்திருக்குங்க.”

“எங்க ஆபீசுல தப்பு நடக்காதும்மா. யாரு நீங்க?”

“நான்தாங்க ஞானசௌந்தரி.”

“அய்யோ, உங்களுக்கு வேலை போச்சேம்மா. பாவம்.” முத்தையன் உண்மையாகவே நாக்கால் ‘ச்சு’க் கொட்டினார்.

“அந்த நூலகமும் நான்தாங்க!”

முத்தையன் உடனே எழுந்து நின்றார்.

“இதை மொதல்லயே சொல்லக் கூடாதா? வாங்க, உட்காருங்க. உங்களுக்கு வேலை கெடைச்சிருக்கே! வாழ்த்துக்கள்.”

“ஒரே ஆளுதாங்க ரெண்டும். பேரை மட்டும் மாத்திக் குடுத்தாப் போதும்.”

“பேரை மாத்தணும்னா பரீட்சை முடிவை மாத்தணும். முடிவை மாத்தணும்னா சான்றை மாத்தணும். சான்றை மாத்தணும்னா நீங்க ஒரு மனுசியா அந்த நூலகத்துல புத்தகம் வாங்கியிருக்கணும். முடியுமா?”

“முடியாதுங்க.”

“பார்த்தீங்களா? எங்களுக்குச் சட்டம் தெரியும். இந்தாங்க, சேர்க்கைக் கடிதம். கையெழுத்துப் போட்டுடாதீங்க. முத்திரை கொண்டுவந்திருக்கீங்களா?”

முத்திரை கைப்பையில் இருந்தது. ஞானசௌந்தரி அதை எடுத்து மையில் ஒற்றினார். பதினாறு ஆண்டுகள் தம் பெயரால் செய்த வேலையை அன்று ஒரு குத்தினால் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இவற்றின் பின்னர் முடிவான செய்திகள் வருமாறு:

1. ஞானசௌந்தரி இல்ல நூலகம் கோவில்பத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்குத் தொடர்ந்து பாடம் சொல்லி வருகிறது. வருகைப் பதிவேட்டில் நாள்தோறும் முத்திரை குத்துகிறது. நோய்வாய்ப்பட்டால் விடுப்பு எடுக்க விதியில் இடமில்லை. சென்ற ஐப்பசியில் அதற்குக் காய்ச்சல் கண்டபோது, “பராமரிப்புப் பணி நடைபெறுகிறது” என்று வகுப்பறை வாசலில் அறிவிப்பு ஒட்டப்பட்டது.

2. மனிதருக்குப் பணி ஓய்வு ஐம்பத்தைந்து வயதில். நூலகத்துக்கு ஓய்வு வயது கிடையாது. இது முத்தையன் வாயிலாக வெளியே தெரிந்தது.

3. அதன் பிறகு மூன்று மாதத்துக்குள் காரைக்காலில் மேலும் நாற்பது நூலகங்கள் தோன்றி, இல்ல நூலகங்கள் மொத்தம் நாற்பத்தொன்றாயின. அம்பகரத்தூரில் ஏழு; வரிச்சிக்குடியில் ஒரே தெருவில் ஐந்து. ஆஸியா பீவி இல்ல நூலகத்தின் பலகை ஞானசௌந்தரியினுடையதைவிட ஒரு சாண் பெரிது. பெண் கொடுக்க வருவோர், “பையன் வீடு நூலகந்தானே?” என்று விசாரிக்கத் தொடங்கினர். ஊரில் பழைய பஞ்சாங்கம் கிடைப்பது அரிதாயிற்று.

4. இந்நூலகங்கள் அனைத்தும் விதி நான்கைத் தமக்கும் விதியாக ஏற்றுக்கொண்டன. நூலகத்துக்கு மட்டுமே இரவல், மனிதருக்கு இல்லை. அரசின் ஆண்டறிக்கை, இவ்வட்டாரத்தில் படிப்பார்வம் கரைபுரண்டு ஓடுவதாகக் குறிப்பிட்டது.

5. நூலகர் சோமசேகரன் வருகிற பங்குனியில் ஓய்வு பெறுகிறார். தம்மை ஒரு நூலகமாகப் பதிவு செய்ய வேண்டும் என்று அவர் விண்ணப்பித்தார். ஏற்கெனவே உள்ள நூலகங்களின் கருத்து கேட்கப்பட்டது. விண்ணப்பதாரரிடம் சொந்தமாக ஒரு நூலும் இல்லை என்றும், தகுதியைத் தளர்த்தினால் நூலகங்களின் தரம் தாழும் என்றும் நாற்பத்தொன்றும் ஒருமனதாக முத்திரையிட்டன. முதல் முத்திரை ஞானசௌந்தரி இல்ல நூலகத்தினுடையது. அது நேராகவும் தெளிவாகவும் பதிந்திருந்தது.

6. விண்ணப்பத்தோடு காட்டுவதற்கு ஒரே ஒரு நூல் இரவல் வேண்டி, சோமசேகரன் நாற்பத்தொரு வாசல்களிலும் ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் அவரை “வாங்க, வாங்க” என்று வரவேற்று, என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அவர் மனிதராகையால், நூல் மட்டும் தரப்படவில்லை.