ஓட்டாஞ்சில்லு சார் இறங்கிய கிணறு

ஞாயிற்றுக்கிழமை காலை மணி ஆறு நாற்பது. பல் தேய்க்க வீட்டின் பின்பக்கம் போன நான் முதலில் பார்த்தது ஒரு தலையை. கிணற்றின் விளிம்புக்கு மேலே தலை மட்டும் இருந்தது. அதன் வாயில் பென்சில், என் வாயில் பிரஷ். பேச முடியாத நிலையில் சில விநாடிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு தலை பென்சிலை எடுத்துவிட்டுச் சொன்னது:

"அந்த பிரஷ் பழசானா தூக்கிப் போட்டுடாதீங்க சார். எனக்கு வேணும்."

அடுத்தவர் குப்பையை ஓட்டாஞ்சில்லு சாரைப் போல மதித்த மனிதர் தாம்பரம் வட்டாரத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அடுத்தவர் மானத்தை அவ்வளவு மரியாதையாக வாங்கியவரும் இல்லை. ஒரே வாரத்தில் எட்டுப் பேரை அதிர வைத்தார். ஒன்பதாவது ஆள் வீட்டு உரிமையாளர். அவர் அதிர்ந்ததைப் பற்றித்தான் கடைசியில் சொல்லப்போகிறேன்.

இரும்புலியூரில், ஜிஎஸ்டி ரோட்டுக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி எஸ்தர் இல்லம். கீழே உரிமையாளர் ஜெபராஜ் சார். கணக்கு வாத்தியாராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வுபெற்றவர்; மனைவியை இழந்தவர், ஒரே மகள் வெளியூரில். எங்கள் தெருவில் நாய்கூட அவரைக் கண்டால் வரிசையில் நிற்கும். மாடியில் ஒற்றை ஆள் தங்கும் ஒன்பது அறைகள். சமையல் ரூபி அக்கா. பம்மலிலிருந்து ஷேர் ஆட்டோவில் வருவார்.

ஒன்பதாம் அறைக்கு வந்து சேர்ந்தவர்தான் ஓட்டாஞ்சில்லு சார். அகழாய்வுகளில் பானை ஓடுகளைப் படம் வரைவது அவர் செய்த வேலை. நாற்பது வருடம் அதையே செய்து ஓய்வு பெற்றிருந்தார். பானையின் வாய் விளிம்பில் இரண்டு விரல் அகலத் துண்டு கிடைத்தால் போதும். வளைவை அளந்து, காம்பஸ் வைத்து, முழுப் பானையையும் காகிதத்தில் கொண்டுவந்துவிடுவார். அவருடைய பெயரை யாரும் கேட்கவில்லை. முதல் நாளே சாப்பாட்டு மேசையில் ஒரு டீ கிளாஸ் உடைந்தது. எல்லாரும் துடைப்பத்தைத் தேட, அவர் மட்டும், "யாரும் அசையாதீங்க!" என்று கத்திவிட்டுச் சாக்பீஸ் எடுக்க ஓடினார். அன்று மாலைக்குள் பெயர் வைத்தாயிற்று.

அவரை ஒருமுறை சினிமாவுக்கு அழைத்துப் போனோம். அந்தக் கால மன்னர் கதை. போர் முடிந்து, ராணி கணவனின் உடல்மேல் விழுந்து அழுகிறாள். தியேட்டரே மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு குரல்: "அந்தக் காலத்துக் கிண்ணத்துக்குக் கைப்பிடி கிடையாதுய்யா!" ராணிக்குப் பின்னால் பணிப்பெண் கையில் இருந்த கிண்ணத்தைத்தான் சொன்னார். முன்வரிசைக்காரர் எழுந்து திரும்பி, "யோவ், ராஜா செத்துக் கெடக்குறாரு, உனக்குக் கிண்ணமா?" என்றார். "ராஜா சாவாரு சார். கிண்ணம் நிக்கும்" என்று இவர் அமைதியாகப் பதில் சொன்னார்.

அதே படத்தில் அவர் கண் கலங்கியதையும் பார்த்தேன். மூன்று விநாடிக் காட்சி. அரண்மனைக்குப் பின்னால் ஒரு பெண் சாம்பலைத் தொட்டுச் சட்டி கழுவுகிறாள். "அந்தப் பொண்ணு கழுவுற விதம் சரி" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சரித்திர நாவல் ஒன்றைப் படிக்கக் கொடுத்தபோதும் மூன்றே நாளில் திருப்பித் தந்துவிட்டார். "நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா நானூறு பக்கத்துல ஒருத்தன்கூட ஒரு சட்டியை உடைக்கலையே சார்?"

இனி கிணறு. சிமென்ட் உறை இறக்கிய பழைய கிணறு அது. தண்ணீர் வற்றிப் பல வருடம் ஆகிவிட்டது. அந்த வீட்டில் உடைந்தது, கிழிந்தது, தேவையில்லாதது எல்லாம் அதற்குள்தான் போகும். கிட்டத்தட்ட விளிம்பு வரை நிரம்பிவிட்டது. வருகிற சனிக்கிழமை லாரியில் மண் கொண்டுவந்து மூடி, மேலே பைக் நிறுத்த இடம் செய்யப்போவதாக ஜெபராஜ் சார் அறிவித்தார். மறுநாள் காலை, அந்தக் குப்பைமேல் உட்கார்ந்திருந்தவரின் தலையைத்தான் நான் பார்த்தது.

"சார், என்ன பண்றீங்க?"

"ஆறு நாள்தான் இருக்கு" என்றார். அதுவே போதுமான விளக்கம் என்று அவர் நினைத்தார்.

குறுக்கும் நெடுக்குமாக நூல் கட்டி, கொத்தனார் கரண்டியால் விரற்கடை விரற்கடையாகச் சுரண்டி எடுத்தார். காலத்தைக் கணக்கிடப் பால் பாக்கெட் இருந்தது. ஒவ்வொன்றிலும் தேதி அச்சாகியிருக்கும். "ராஜாக்கள் இந்த அளவுக்கு உதவி செஞ்சதே இல்ல" என்று பாக்கெட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

செவ்வாய்க்கிழமை காலை இட்லி பரிமாறும் நேரம் பார்த்து நோட்டைப் பிரித்தார்.

"முதல் அடுக்கு. உப்புமா பொட்டலம் இருபத்திரண்டு."

மேசையில் எட்டுப் பேரும் மெல்லுவதை நிறுத்தினோம். திங்களும் வியாழனும் ரூபி அக்கா உப்புமா செய்வார். அறைக்கு எடுத்துப் போய்ச் சாப்பிடுகிறோம் என்று சொல்லித் தட்டோடு மாடிக்குப் போவோம். தட்டு எப்போதும் சுத்தமாகத் திரும்பும்.

"விழுந்திருக்கற கோணத்தைப் பார்த்தா, எல்லாம் மாடி பால்கனியிலிருந்து வந்தது."

ரூபி அக்கா சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் கரண்டி. "இன்னாது? என் உப்புமாவா?"

ஓட்டாஞ்சில்லு சார் நிமிரவே இல்லை. "மூணாம் ரூம். சர்க்கரை இல்லாத பிஸ்கட் டப்பா ஒண்ணு. உள்ள மைசூர்பாகு காகிதம் ஒன்பது."

மூன்றாம் அறை வங்கி ஊழியர். டாக்டர் சொல்லிவிட்டார் என்று எங்கள் டீயில்கூடச் சர்க்கரையைக் குறைக்க வைத்தவர். "அது யாரோ வேற ஆளு சார்!"

"ஒன்பதையும் சேர்த்து ஸ்டேப்ளர் அடிச்சிருக்கு. பேங்க் ஆளுங்கதான் குப்பைக்கும் பின் அடிப்பாங்க."

நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது.

"ஏழாம் ரூம், பத்திரிகைக்காரர். ராஜினாமாக் கடிதம் ஏழு. ஏழும் திங்கட்கிழமை எழுதினது. ஒண்ணுலயும் மடிப்பு இல்ல. அதனால எதுவும் கவருக்குள்ள போகல." சற்று யோசித்துவிட்டு, "மூணாவது கடிதம் நல்லா வந்திருக்கு" என்றார்.

கிழித்துப் போட்டதை எல்லாம் ஒட்டியிருந்தார். எங்கள் பத்திரிகையின் ஆசிரியர் மூன்று வருடம் கண்டுபிடிக்காததை இவர் ஒரு கரண்டியால் கண்டுபிடித்துவிட்டார். அன்றிலிருந்து நாங்கள் எட்டுப் பேரும் சொந்தக் குப்பையைப் பையில் போட்டு ஆபீசுக்கு எடுத்துப் போனோம்.

வியாழக்கிழமை அவர் மார்பளவு ஆழத்துக்குப் போயிருந்தார். அங்கே கரண்டி 'டங்' என்றது. இரண்டு விரல் கனத்துக்குச் சிமென்ட், உறையின் ஓரம் முழுதும் ஒட்டி, மூடி போட்டதுபோல் இறுகியிருந்தது. ஓட்டாஞ்சில்லு சார் மேலே ஏறி, நோட்டோடு ஜெபராஜ் சாரிடம் போனார்.

"சார், இந்தச் சிமென்ட் எப்ப கொட்டினது?"

"பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டப்போ கொத்தனார் மிச்சத்தைக் கொட்டினான். பதினோரு வருஷம் ஆச்சு. ஈஸ்டருக்கு முந்தின வாரம். எதுக்கு?"

"இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

தலைமையாசிரியர் அல்லவா, கையெழுத்து கேட்டால் கை தானாகப் போய்விடும். தேதியும் நேரமும்கூட எழுதிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குக் கீழ்வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. எனக்கு மாலை ஷிப்ட் என்பதால் நான் அறையில் இருந்தேன். இறங்கிப் போனேன். சாப்பாட்டு அறையில் மர பீரோ திறந்து கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். அதற்காக ஜெபராஜ் சார் தன் அம்மா வைத்திருந்த பீங்கான் கிண்ணத்தை எடுக்கப் போயிருக்கிறார். வெள்ளைக் கிண்ணம், விளிம்பில் நீலக்கோடு. மனைவி எஸ்தர் டீச்சர் இறந்து ஒன்பது வருடமாக அந்த பீரோவை அவர் திறக்கவில்லை. கிண்ணம் இல்லை.

"சாவி ரெண்டே பேர்கிட்டதான் இருக்கு, ரூபி. நான் எடுக்கல."

"இன்னா சார் சொல்ற நீ? பதினோரு வருசமா உன் வூட்டு சாவி என் இடுப்புல கீது. அந்தக் கிண்ணத்த நான் கண்ணாலயும் பார்த்ததில்ல. எடுத்துகினு போயி அதுல இன்னா பண்ணப் போறேன்?"

"திருடினேன்னு நான் சொல்லல. இல்லைன்னுதான் சொல்றேன். நாளையோட நின்னுக்கோ."

ரூபி அக்கா இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தார். சத்தம் வராமல் வைத்தார். அவர் கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது.

வாசலில் ஓட்டாஞ்சில்லு சார் முழங்கால் வரை மண்ணோடு நின்றிருந்தார்.

"சார், நாப்பது வருஷத்துல நான் திருடனைப் பார்த்ததே இல்ல. உடைச்சவங்களைத்தான் பார்த்திருக்கேன்" என்றார். பிறகு ரூபி அக்காவிடம், "நீங்க இங்க வேலைக்குச் சேர்ந்தது எப்பம்மா?" என்று கேட்டார்.

"பதினோரு வருசம் ஆச்சு, ஜூன் மாசம். எம் பொண்ண ஒண்ணாங்கிளாஸ்ல விட்டுட்டு நேரா இங்க வந்தேன்."

அவரிடமும் நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிணற்றுக்குத் திரும்பினார்.

உளியும் சுத்தியலும் இரண்டு மணி நேரம் கேட்டன. முதல் முறையாக அவர் அவசரப்படுவதைப் பார்த்தேன். கிணற்றின் விளிம்பில் நின்று, தூக்கித் தந்த வாளியை வாங்கிக் கொட்டினேன். ரூபி அக்கா வரவில்லை. சமையலறையில் தன் டிபன் பாக்ஸ், செருப்பு, சுவரில் மாட்டியிருந்த காலண்டர் எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு ஓட்டாஞ்சில்லு சார் மேசைமேல் வைத்தது ஒரு ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பை. உள்ளே நாளிதழில் சுற்றிய பொட்டலம். எங்கள் பத்திரிகைதான். பிப்ரவரி மாதச் செவ்வாய்க்கிழமைப் பதிப்பு, பதினோரு வருடப் பழசு. அதைப் பிரித்ததும் ஜெபராஜ் சார் குனிந்து பார்த்தார். நீலக்கோடு, ஒன்பது துண்டுகள்.

"பழைய பேப்பர்தானே" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எப்ப வேணாலும் சுத்தியிருக்கலாம்."

"சுத்தலாம் சார். அதனால பேப்பரை நான் நம்பல. இது சிமென்ட்டுக்குக் கீழே இருந்தது. சிமென்ட் ஈஸ்டருக்கு முன்னாடி, உங்க கையெழுத்து. இந்தம்மா வந்தது ஜூன், அவங்க கையெழுத்து. இவங்க இந்த வீட்டு வாசல்ல கால் வைக்கறதுக்கு முன்னாடியே இது உள்ள போயாச்சு."

ஓட்டாஞ்சில்லு சார் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அறிக்கை வாசிக்கும் அதே குரலில் சொன்னார்:

"ஓரத்துல பசை இருக்கு. ரெண்டு தடவை ஒட்டிப் பார்த்திருக்காங்க. முதல்ல வெள்ளைப் பசை, நிக்கல. சுரண்டி எடுத்துட்டு வேற பசை போட்டிருக்காங்க. அதுவும் நிக்கல. நிதானமான கை. சின்ன கை. இங்க விரல் ரேகை படிஞ்சிருக்கு."

ஜெபராஜ் சார் அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தார்.

"அதுக்கப்புறம் ரெண்டு கிறிஸ்மஸ் வந்துச்சு" என்றார். "ரெண்டு தடவையும் எஸ்தர் பிரியாணியை நேரா தட்டுல போட்டா. கிண்ணத்துல வெச்சா ஆறிடும்னு சொன்னா." பிறகு எங்களைப் பார்த்துக் கேட்டார்: "என்கிட்ட சொல்லியிருக்கலாமே? நான் என்ன பண்ணியிருப்பேன்?"

அவர் என்ன பண்ணியிருப்பார் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

மேசையில் கிடந்த சாவிக்கொத்தை எடுத்துச் சமையலறை வாசல் வரை போனார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் பழகியதில்லை. சாவியை நீட்டி, "நாளைக்குச் சனிக்கிழமை, இட்லிதானே ரூபி?" என்றார்.

ரூபி அக்கா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இட்லி இல்ல சார். உப்புமா."

சனிக்கிழமை எல்லாரும் கீழேயே உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டோம். ஜெபராஜ் சார் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். ஒன்பது மணிக்கு மண் லாரி வந்தது. கிணறு மூடும் முன் ஓட்டாஞ்சில்லு சார் கடைசியாக ஒருமுறை எட்டிப் பார்த்து, நோட்டில் எழுதினார்: 'இன்று உப்புமா இல்லை.'

அன்று பகல் முழுக்கக் கிண்ணத்தை ஒட்டினார். விளிம்பில் ஒரு சில்லு கிடைக்கவில்லை. அந்த இடத்தைப் பிளாஸ்டர் வைத்து நிரப்பி, நீலக்கோடு போடாமல் வெள்ளையாக விட்டார். கோட்டை இழுத்துவிடலாமே என்று கேட்டேன். "இல்லாததை இருக்கற மாதிரி காட்டக் கூடாது சார்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா அந்த வெள்ளை இடத்தைத் தொட்டுப் பார்த்தபோது, ஜெபராஜ் சார் அவசரமாகச் சொன்னார்: "எஸ்தர் உடைச்சது." பரிசு வாங்கிய மாணவியைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.

அந்த வருடக் கடைசியில் ஓட்டாஞ்சில்லு சார் கோவிலம்பாக்கத்தில் தம்பி வீட்டுக்குப் போனார். அடுத்த மழைக்காலத்தில் காலமானார். செய்தி வந்தபோதுதான் எங்களுக்கு அவருடைய பெயரே தெரிந்தது. ஆனால் அந்தப் பெயரில் அவரை நினைக்க யாராலும் முடியவில்லை.

போன மாதம் எஸ்தர் இல்லத்துக்குப் போயிருந்தேன். கிணறு இருந்த இடத்தில் பைக்குகள் நிற்கின்றன. குப்பைக்கு மாநகராட்சி வண்டி வருகிறது. நான் இருந்தபோது ரூபி அக்காவின் கை தவறி ஒரு டம்ளர் உடைந்தது. அவர் சில்லுகளைப் பொறுக்கி, அன்றைய நாளிதழில் வைத்து, தேதி வெளியே தெரியும்படி சுற்றிக் கட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்.