மாப்பிள்ளை ஒப்படைத்துப்போன கடல்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். போன இடத்தில் உங்களுக்கும் மகளுக்கும் புது ஆபீசும் குளிரும் பழகியிருக்கும் என்று நம்புகிறோம். நீங்கள் ஒப்படைத்துப்போன கடல்நீர் மீன்தொட்டியும் சுகம் என்று எழுதும் தைரியம் எனக்கு இன்று காலைதான் வந்தது. போனில் சொன்னால் குரலே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படியுங்கள்.

கட்டைவிரல் அளவிலிருந்து மூன்று வருடமாக வளர்த்த ஊதாப் பவளத்தைக் காட்டி, "மாமா, எது போனாலும் இது மட்டும் போயிடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். முப்பத்தோரு வருடம் பாய்லர் ஓட்டியவனுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடமா என்ற மிதப்பில் நானும் தலையாட்டினேன். வினை அங்கேதான் ஆரம்பம். பாய்லர்காரனுக்குத் தண்ணீரின் கடினத்தன்மை பரம விரோதி. சுண்ணாம்பு குழாயில் படிந்தால் வேலை போய்விடும். முதல் நாள் சோதித்ததில் கால்சியம் நானூற்று இருபது, கார்பனேட் கடினத்தன்மை எட்டு என்று வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. நீங்கள் தினமும் ஊற்றச் சொன்ன கால்சியம், கார்பனேட் மருந்துப் பாட்டில்கள் இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். ஒரே வாரத்தில் எட்டு ஆறாக இறங்கியது. "பாத்தியா, தண்ணி எப்படி மிருதுவாகுது!" என்று உங்கள் அத்தையிடம் பீற்றிக்கொண்டேன். அவளோ, "அந்த ஊதா ஏன் நுனியெல்லாம் வெளுத்துக் கெடக்கு?" என்று கேட்டாள்.

பதறிப்போய் மீன் கடைக்காரருக்குப் போன் செய்தேன். "சார், பவளம் எலும்பு கட்டுறதே அந்தக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத்தான். நீங்க அதோட சாப்பாட்டையே நிறுத்திட்டீங்க" என்றார். ஆயுசு முழுக்க நான் சுரண்டி எறிந்த சுண்ணாம்பில் ஓர் உயிர் வீடு கட்டுகிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? மனசு கேட்கவில்லை. விட்டதைப் பிடிக்கும் அவசரத்தில் ஒரு வாரத்து மருந்து இரண்டையும் ஒரே வாளியில் கலந்தேன். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று நீங்கள் சுவரில் ஒட்டியிருந்ததை, ஆபீஸ் போகிறவர்களின் வசதிக்காக எழுதியது என்றே நினைத்தேன். வாளி பால் மாதிரி வெளுத்தது. அருமையாகக் கலந்துவிட்டது என்று அப்படியே தொட்டியில் கவிழ்த்தேன். மீனைக் காணோம், பவளத்தைக் காணோம், மோட்டார் முனகியது. பாய்லரில் படிந்த சுண்ணாம்பை அமிலம் விட்டுக் கரைத்த பழக்கத்தில் என் கை தானாக வினிகர் பாட்டிலுக்குப் போனது. அத்தை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "அதக் கீழ வைங்க. இதுக்கு மேல அதால தாங்க முடியாது, என்னாலயும் முடியாது" என்றாள். நேரிலேயே வந்த கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் ஒண்ணா கலந்தா சுண்ணாம்புதான் சார் வரும், சுவத்துக்கு வேணா அடிச்சுக்கலாம்" என்று சொல்லி, பாதித் தண்ணீரை மாற்றிக் கொடுத்தார். ஊதா மூன்று நாள் சுருங்கிக் கிடந்தது. எனக்கும் சோறு இறங்கவில்லை. உங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதே நினைப்பாக இருந்தது.

ஆனால் அதன்பிறகு பத்து நாளாகக் காலையில் கால்சியம், மாலையில் கார்பனேட் என்று சொட்டுக்கூடத் தவறாமல் நானே அளந்து ஊற்றுகிறேன். நானூற்று இருபது, எட்டு. இரண்டும் அசையவில்லை! ஊதாவும் இன்று காலை பழையபடி விரிந்துவிட்டது. எல்லாம் கைப்பக்குவம், மாப்பிள்ளை. நீங்கள் திரும்பி வந்தபிறகும் இந்தப் பொறுப்பை என்னிடமே விட்டுவிடலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

இருவரும் நோய்நொடியின்றி, சண்டை போட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானமாகி, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அன்பு மாமனார்

பி.கு.: உறையில் போடுமுன் அத்தை இதைப் படித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். வாளி விவகாரம் நடந்த அன்றே உங்களிடம் போனில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். காலையிலும் மாலையிலும் நான் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்து அவள்தான் தினமும் உண்மையான மருந்தை ஊற்றுகிறாளாம். என் இரண்டு பாட்டில்களிலும் இருப்பது வடிகட்டிய வெறும் தண்ணீராம். யோசனை உங்களுடையதாம். கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் பவளம் பிழைத்ததே, அது போதும். தொட்டியில் ஆவியாகிக் குறைவதை ஈடுகட்ட வெறும் தண்ணீரும் ஊற்றத்தான் வேண்டுமாம், அத்தை சொல்கிறாள். அந்த வேலையையாவது என்னிடமிருந்து பிடுங்கிவிடாதீர்கள், மாப்பிள்ளை.